ஒப்புநோக்காளரும் மருந்தாளரும்

என்னுடைய மூத்த சகோதரி கணவரை இழந்த பின்னர் வடமேற்கு லண்டனில் மகளுடன் வாழ்ந்து வருகிறார். வயது 76. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ரரோல், முழங்கால் வலி என்று எங்கள் தலைமுறையின் குடும்பச் சொத்துக்கள் யாவும் அவரிடம் குறைவின்றி உண்டு. சில மாதங்களுக்கு முன்னர், கந்தசஷ்டி விரதத்திற்கு இன்னும் சில வாரங்களே இருந்த ஒரு வேளையில், நான் அவரது வீட்டில் தங்கியிருந்தேன். அப்போது அவரது குடும்ப வைத்தியரின் நிலையத்திலிருந்து தொலைபேசி அழைப்பொன்று வந்தது. வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருமாறும், நிலையத்தில் பணியாற்றும் கிளினிக்கல் மருந்தாளர் அவருடன் அரை மணி நேரம் பேசுவார் என்றும் சொன்னார்கள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்.

"தம்பி, கடையிலை மருந்து எடுத்துத் தாற பிள்ளையோ எனக்கு வைத்தியம் பாக்கப் போகுது? மூண்டு கிழமையா டொக்டரைப் பாக்கவேணும் எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறன். இப்ப ஆள் இல்லையெண்டு பாமசிக்காரரை விடுறாங்கள்."

உண்மையைச் சொல்வதானால், எனது எண்ணமும் அதற்கு வெகுதூரத்தில் இருக்கவில்லை. அரசாங்கங்கள் ஒரு பழைய தொழிலுக்குப் புதிய பெயர் சூட்டும்போதெல்லாம், எங்கோ ஒரு செலவைக் குறைக்கப் போகிறார்கள் என்று சந்தேகிப்பது பத்திரிகைக்காரனின் இயல்பு. நாற்பது வருடங்களாக அறிக்கைகளையும் அமைச்சர்களின் பேச்சுக்களையும் செய்தியாக்கிய ஒருவனுக்கு அந்தச் சந்தேகம் இலகுவில் விட்டுப் போகாது. மருமகள் வேலைக்குப் போய்விட்டமையால், பையைத் தூக்குவதற்கும் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பதற்குமாக நானே அக்காவுடன் சென்றேன்.

எங்களை அழைத்தவர் முப்பது வயதைத் தாண்டாத ஒரு பெண். ஆபிரிக்க வம்சாவளியினர். தான் வைத்தியர் அல்ல என்பதையும், மருந்தாளர் என்பதையும் முதல் வாக்கியத்திலேயே தெளிவாகச் சொன்னார். தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இணைக்க முடியும் என்றும் கேட்டார். தம்பி போதும் என்று அக்கா சொல்லிவிட்டார். பின்னர் அந்தப் பெண் பையை மேசையில் கொட்டினார். கணினியில் இருந்த பட்டியலில் ஒன்பது மருந்துகள். மேசையில் இருந்தவையோ பதின்மூன்று. மேலதிகமான நான்கில் இரண்டு கொழும்பிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த டைக்குளோபெனக் வலி மாத்திரைப் பட்டைகள். ஒன்று நாட்டு வைத்தியரின் சூரணம். இன்னொன்று மறைந்த அத்தானுக்குக் கொடுக்கப்பட்ட மாத்திரை. அதை எறிவதற்கு அக்காவுக்கு மனம் வரவில்லை போலும்.

அந்தப் பெண் கேட்ட கேள்விகளை நான் ஒரு செய்தியாளனாகவே கவனித்துக்கொண்டிருந்தேன். "இவற்றில் எவற்றைக் குடிக்க வேண்டும்?" என்று அவர் கேட்கவில்லை. "எவற்றை உண்மையில் குடிக்கிறீர்கள்?" என்றே கேட்டார். அடுத்து, ஒவ்வொரு மருந்தும் எப்போது, எதற்காக ஆரம்பிக்கப்பட்டது என்று கேட்டார். அங்கேதான் கதை மெல்ல அவிழ்ந்தது.

இரத்த அழுத்தத்திற்காக அக்காவுக்கு முதலில் றமிபிறில் கொடுக்கப்பட்டிருந்தது. அது போதாது என்று பின்னர் அம்லோடிபின் சேர்க்கப்பட்டு, அதன் அளவும் கூட்டப்பட்டிருந்தது. சில மாதங்களில் கணுக்கால்கள் வீங்கின. கால் வீக்கம் என்று போனபோது வேறொரு வைத்தியர் நீரை வெளியேற்றும் புறூசமைட் மாத்திரையை எழுதிக் கொடுத்திருந்தார். அதன் பின்னர் இரவில் நான்கு தடவை எழும்ப வேண்டியதாயிற்று. அப்படி எழும்பிய ஓர் இரவில் குளியலறை வாசலில் தலை சுற்றி விழுந்தார். நல்லவேளை எலும்பு முறியவில்லை. வயது போனால் விழுவது வழமைதானே என்று நாங்கள் எல்லோரும் அதை மறந்தும் விட்டோம்.

கணுக்கால் வீக்கம் அம்லோடிபின் மருந்தின் நன்கறியப்பட்ட பக்கவிளைவு. அது உடலில் நீர் மிகுவதனால் வருகின்ற வீக்கம் அல்ல. ஆகவே நீர் மாத்திரை அதற்குச் சரியான பரிகாரமும் அல்ல. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயென்று கருதி இன்னொரு மருந்தைக் கொடுப்பதும், அந்த மருந்தின் விளைவாக மூன்றாவது துன்பம் வந்து சேர்வதும் மருத்துவ உலகில் அறியப்படாத விடயமல்ல. நூல்களில் விரிவாக எழுதப்பட்டதொன்றுதான். ஆனால் பத்து நிமிடத்தில் ஒரு நோயாளியைப் பார்த்து அனுப்ப வேண்டிய வைத்தியர் அன்றைய முறைப்பாட்டை மட்டுமே பார்க்கிறார். சங்கிலியை முழுமையாகப் பார்ப்பதற்கு ஒருவர் எல்லா மருந்துகளையும் திகதி வரிசையில் அடுக்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து கொழும்பு மாத்திரையில் இருந்தது. டைக்குளோபெனக் வகை வலி நிவாரணி, றமிபிறில், நீர் மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேரும்போது சிறுநீரகங்களைத் திடீரெனச் செயலிழக்கச் செய்யக்கூடும். முதியவர்களிலும், வயிற்றோட்டம் போன்றவற்றால் நீரிழப்பு ஏற்பட்டவர்களிலும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து டைக்குளோபெனக் மாத்திரையை வைத்தியரின் துண்டின்றி வாங்க முடியாது. இதயத்திற்கு உண்டாகக்கூடிய தீங்கே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். எங்கள் பயணப் பைகளுக்கோ அந்தத் தடை பொருந்துவதில்லை. அக்காவின் மருத்துவப் பதிவில் இம்மாத்திரை பற்றி ஒரு சொல்லும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியாக அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்கள் விரதம் இருப்பீர்களா?" என்று கேட்டார். கந்தசஷ்டியின் ஆறு நாட்களும் பகலில் ஒன்றும் உண்பதில்லை என்றும், மருந்தை மட்டும் தவறாமல் எடுப்பேன் என்றும் அக்கா பெருமையுடன் சொன்னார். நீரிழிவுக்காக அவர் எடுக்கும் கிளிக்கிளசைட், உணவில்லாத வயிற்றிலும் இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. உண்ணாமல் அதை எடுத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சென்ற வருடச் சஷ்டியில் மூன்றாம் நாள் வியர்த்துக் கொட்டி மயங்கியதை முருகன் தந்த சோதனை என்று அக்கா இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தார். விரதத்தைக் கைவிடுமாறு அந்தப் பெண் சொல்லவில்லை. விரத நாட்களில் மருந்தை எப்படி மாற்றியமைக்கலாம் என்பதை வைத்தியருடன் பேசி எழுத்தில் தருவதாகச் சொன்னார். இருந்தபடியும் எழுந்து நின்றபடியும் இரத்த அழுத்தத்தை அளந்தார். சிறுநீரகப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்க ஒழுங்கு செய்தார். அன்று மாலையே வைத்தியருடன் கலந்து பேசி, வலி மாத்திரையை நிறுத்தி, அம்லோடிபினைக் குறைத்து, நீர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தும் திட்டமொன்றைத் தொலைபேசியில் விளக்கினார். இரண்டு வாரத்தில் மீண்டும் அழைத்தும் விசாரித்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இது என் சகோதரியின் கதை. இதை வாசித்துவிட்டு எவரும் தமது மாத்திரைகளைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்துவதற்கும் ஒரு முறை உண்டு, அதைக் கேட்டறிய வேண்டும் என்பதே இக்கதையின் பொருள்.

வீடு திரும்பியதும் இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2015 ஆம் ஆண்டில், குடும்ப வைத்திய நிலையங்களில் மருந்தாளர்களை அமர்த்தும் பரீட்சார்த்தத் திட்டமொன்றை 15 மில்லியன் பவுண் செலவில் அறிவித்தது. அந்தத் தொகை பின்னர் ஏறத்தாழ இரட்டிப்பாக்கப்பட்டது. 2016 இல் மேலும் 1,500 மருந்தாளர்களைச் சேர்ப்பதற்கு 112 மில்லியன் பவுண் ஒதுக்கப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. 2019 இல், அயலிலுள்ள வைத்திய நிலையங்கள் 30,000 முதல் 50,000 வரையான மக்களுக்குச் சேவை செய்யும் வலையமைப்புகளாக இணைக்கப்பட்டன. அவை அமர்த்தும் மருந்தாளரின் சம்பளத்தில் 70 சதவீதத்தை முதலில் அரசு ஏற்றது. மறுவருடம் முழுவதையும் ஏற்றது. 2020 ஒக்ரோபரிலிருந்து, பல மருந்துகள் எடுப்போரையும் முதியோர் இல்லங்களில் வாழ்வோரையும் அழைத்து மருந்துகளை முழுமையாக மீளாய்வு செய்வது அவ்வலையமைப்புகளின் கடமைகளுள் ஒன்றாயிற்று. அக்காவுக்கு வந்த அழைப்பின் பூர்வீகம் இதுதான்.

இவர்கள் மருந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் மட்டுமே என்ற எண்ணமும் தவறானது. நான்கு வருடப் பட்டப்படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, பதிவுக்கான பரீட்சை ஆகியவற்றின் பின்னரே ஒருவர் பிரித்தானியாவில் மருந்தாளராகிறார். மேலதிகப் பயிற்சி பெற்ற மருந்தாளர்கள் 2006 ஆம் ஆண்டிலிருந்தே தமது தகைமைக்குட்பட்ட நோய்களுக்குச் சுயமாக மருந்தெழுதச் சட்டம் இடமளித்துள்ளது. எமது சமூகத்திலோ, மருந்தாளர் என்றால் மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாதவர் என்றொரு ஏளனம் இன்னும் இருக்கிறது. லண்டனில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இத்தொழிலில் திறமையுடன் விளங்குகிறார்கள். ஆயினும் கலியாணப் பேச்சு என்று வரும்போது பெற்றோர் குரலைச் சற்றுத் தாழ்த்தியே அதைச் சொல்கிறார்கள்.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்குச் சில கணக்குகள் போதும். இங்கிலாந்தின் தலைமை மருந்தியல் அதிகாரியாக இருந்த கீத் றிட்ஜ் தலைமையில் நடந்த மீளாய்வின் அறிக்கை 2021 செப்ரெம்பரில் வெளியானது. மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் நாளொன்றுக்கு ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எடுக்கிறார்கள் என்கிறது அந்த அறிக்கை. 65 வயதைத் தாண்டியோர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் சந்தர்ப்பங்களில் ஐந்தில் ஒன்று மருந்துகளின் பாதக விளைவினால் நேர்கிறது என்றும், சமூக மட்டத்தில் எழுதப்படும் மருந்துகளில் குறைந்தது 10 சதவீதம் எழுதப்பட்டிருக்கவே தேவையில்லை என்றும் அது மதிப்பிடுகிறது. நோயைத் தீர்க்க வந்த மருந்தே நோயாகி நிற்கும் நிலை இது.

மருந்தாளர் தலையிட்டால் பயனுண்டா என்ற கேள்விக்கும் விடை உண்டு. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் அந்தனி ஏவரியும் சகாக்களும் இங்கிலாந்தின் 72 வைத்திய நிலையங்களில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2012 இல் லான்செற் சஞ்சிகையில் வெளியாகின. ஒரு பகுதி நிலையங்களுக்குக் கணினி மூலம் தவறுகளைக் காட்டும் பட்டியல் மாத்திரம் கொடுக்கப்பட்டது. மறு பகுதிக்கு அப்பட்டியலுடன் ஒரு மருந்தாளரும் அனுப்பப்பட்டார். வயிற்றுப்புண் வந்தவருக்கு வயிற்றைக் காக்கும் மருந்தின்றி வலி மாத்திரை எழுதுவது, ஆஸ்துமாக்காரருக்கு அதைத் தூண்டக்கூடிய மருந்தை எழுதுவது, றமிபிறில் வகை மருந்தோ வலுவான நீர் மாத்திரையோ எடுக்கும் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்யாமல் விடுவது ஆகிய மூன்று தவறுகளும் ஆறு மாதத்தின் பின் மருந்தாளர் சென்ற நிலையங்களில் குறிப்பிடத்தக்களவு குறைந்திருந்தன. மூன்றாவது தவறை வாசித்தபோது என் அக்காவின் முகமே கண்முன் நின்றது. பட்டியல் மட்டும் போதாது, அதைக் கையிலெடுத்துக்கொண்டு வைத்தியரின் கதவைத் தட்டுவதற்கு ஒரு மனிதர் தேவை என்பதே அந்த ஆய்வு எனக்குச் சொன்ன செய்தி.

இப்பொழுது நான் பழைய கதையொன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை நான் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் மூத்த ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். ஈய எழுத்துக்களை அச்சுக்கோப்பாளர்கள் கையால் அடுக்கிய காலத்திலிருந்து கணினிக் காலம் வரை வேலை செய்தவர். ஆசிரிய தலையங்கமாயினும் அவர் பேனை படாமல் அச்சுக்குப் போகாது. பிழையை மட்டும் அவர் திருத்துவதில்லை. மூன்றாம் பக்கத்தில் இறந்தவர் தொகை ஏழு என்றும் முதலாம் பக்கத்தில் ஒன்பது என்றும் இருந்தால், இரண்டு செய்தியாளர்களையும் எழுப்பிக் கேட்டுவிட்டே அவர் வீட்டுக்குப் போவார். "நீங்கள் எல்லாரும் அவரவர் எழுதினதைத்தான் வாசிக்கிறியள். முழுப் பேப்பரையும் வாசிக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்வார்.

அவருக்கு இதயத்தில் வால்வு மாற்றப்பட்டிருந்தது. இரத்தம் உறையாமலிருக்க வோபரின் மாத்திரை எடுத்து வந்தார். அதை எழுதியது ஓர் அரசாங்க வைத்தியசாலையின் கிளினிக். பின்னர் இடுப்பு வலிக்கென்று வீட்டுக்கு அண்மையிலிருந்த தனியார் வைத்தியரிடம் போனார். அவர் வலி மாத்திரைகளைச் சிறிய கடித உறைகளில் போட்டு, "காலை 1, இரவு 1" என்று எழுதிக் கொடுத்தார். மருந்தின் பெயர் உறையில் இருக்கவில்லை. கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தது. ஒன்றை எழுதியவர் மற்றதைப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வயிற்றுக்குள் இரத்தம் பெருகி, வைத்தியசாலைக்குக் கொண்டுசென்ற வேளையில் எல்லாம் முடிந்திருந்தது.

வாழ்நாள் முழுவதும் பிறர் எழுத்திலுள்ள முரண்பாடுகளைத் தேடிக் கண்டுபிடித்த அந்த மனிதருக்கு, அவருடைய சொந்த மருந்துகளில் இருந்த முரண்பாட்டைக் கண்டுபிடிப்பதற்கு ஓர் ஒப்புநோக்காளர் கிடைக்கவில்லை. இரண்டு வைத்தியர்களில் எவரையும் நான் இன்று குற்றஞ் சொல்லவில்லை. இருவரும் தத்தம் பக்கத்தைச் சரியாகவே எழுதினார்கள். முழுப் பேப்பரையும் வாசிப்பதற்கு ஆளில்லை.

வைத்திய நிலையத்திலுள்ள மருந்தாளரின் பணியை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் முடியாது. அவர் முழுப் பேப்பரையும் வாசிப்பவர். வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியவரின் கடிதத்தைப் பழைய பட்டியலுடன் ஒப்புநோக்குபவர். நிறுத்தச் சொன்ன மருந்து உண்மையில் நின்றதா, கூட்டச் சொன்னது கூடியதா, பரிசோதிக்கச் சொன்ன இரத்தம் பரிசோதிக்கப்பட்டதா என்று பார்ப்பவர்.

ஆனால் இந்த ஒப்புமையே இன்னோர் உண்மையையும் சொல்கிறது. அதை மறைத்துவிட்டுப் புகழ்ந்து எழுதினால் அது கட்டுரையாகாது, விளம்பரமாகிவிடும். ஒப்புநோக்காளர் இருக்கிறார் என்பதற்காகச் செய்தியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் நிர்வாகங்களை நான் பார்த்திருக்கிறேன். "நீங்களே எழுதிவிடுங்களேன், உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே" என்று அவரிடமே செய்தியையும் எழுதச் சொல்வார்கள். அன்றிலிருந்து அப்பத்திரிகையில் செய்தியும் இராது, ஒப்புநோக்கலும் இராது. இங்கிலாந்திலும் அந்த ஆபத்து இருக்கத்தான் செய்தது. மருந்தாளர் முதலானோரை அமர்த்துவதற்கென ஒதுக்கப்பட்ட அந்த நிதியைக் கொண்டு 2024 ஒக்ரோபர் வரை ஒரு குடும்ப வைத்தியரை அமர்த்த முடியாதிருந்தது. நோயாளிகள் வைத்தியரைக் காண வாரக்கணக்கில் காத்திருக்க, பயிற்சி முடித்த இளம் வைத்தியர்கள் சிலர் வேலை தேடி அலைந்த விசித்திரம் அதனால் நேர்ந்தது. புதிதாகத் தகைமை பெற்ற 1,000 வைத்தியர்களை அமர்த்துவதற்கு 82 மில்லியன் பவுண் அந்த ஆண்டில் சேர்க்கப்பட்ட பின்னரே விதி தளர்ந்தது. ஆகவே அக்காவின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கோபம் நியாயமானது. அது போய்ச் சேர்ந்த முகவரிதான் பிழையானது.

மூன்று விடயங்களில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலாவது, மருந்தாளர் வைத்தியருக்குப் பதிலாக அல்ல, வைத்தியருக்கு அருகில் இருக்க வேண்டும். புதிதாகத் தோன்றிய நெஞ்சு வலியையோ காரணமறியாத மெலிவையோ இனங்காண்பது வைத்தியரின் பணி. அந்த எல்லையைக் கடக்குமாறு மருந்தாளரை எவரும் நெருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் அன்றே பேசுவதற்கு ஒரு வைத்தியர் அவருக்கு இருக்க வேண்டும். இரண்டாவது, தன்னைப் பார்ப்பவர் யார் என்பது நோயாளிக்கு முதல் நிமிடத்திலேயே தெரிய வேண்டும். நாங்கள் சந்தித்த பெண் அதைச் செய்தார். எல்லோரும் செய்வதில்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது, மீளாய்வு என்பது மீளாய்வாகவே இருக்க வேண்டும். மன்செஸ்ரரில் வாழும் என் நண்பர் ஒருவருக்கு ஏழு நிமிடத் தொலைபேசி உரையாடலில் எல்லாம் முடிந்துவிட்டது. மருந்துகளைக் காட்டச் சொல்லவுமில்லை, துண்டின்றி வாங்குபவை பற்றி விசாரிக்கவுமில்லை. எண்ணிக்கையை நிரப்புவதற்காகச் செய்யப்படும் மீளாய்வு, வாசிக்காமல் கையொப்பமிடப்பட்ட அச்சுப்பிரதியைப் போன்றது. பிழை இல்லை என்ற பொய்யான நிம்மதியைத் தருவதனால் அது இல்லாதிருப்பதையும் விட ஆபத்தானது.

நமது நாட்டை எண்ணிப் பார்க்காமல் இதை முடிக்க என்னால் இயலவில்லை. மருந்துகளைப் பகுத்தறிவோடு பயன்படுத்துவதைப் பற்றி உலகம் பேசத் தொடங்கு முன்னரே பேசிய நாடு இலங்கை. பேராசிரியர் சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து சமர்ப்பித்த அறிக்கையின் வழியில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. வணிகப் பெயர்களை விடுத்து மருந்தின் உண்மைப் பெயரில் எழுதுவது, தேவையான மருந்துகளை மட்டும் இறக்குமதி செய்வது என்ற கொள்கைகளுக்காக அவர் போராடினார். 1977 இல் உலக சுகாதார தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டில் பிபிலே கயானாவில் காலமானார். அவருடைய கொள்கையை நினைவூட்டும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் 2015 இல்தான் நிறைவேறியது.

எந்த மருந்து நாட்டுக்குள் வரலாம் என்பதற்குச் சட்டம் உண்டு. ஒரு முதியவரின் மேசையில் எந்த மருந்துகள் ஒன்றுசேர்ந்துள்ளன என்று பார்ப்பதற்கோ ஆள் இல்லை. எமது நோயாளி காலையில் அரசாங்கக் கிளினிக், மாலையில் தனியார் நிலையம், இடையில் ஆயுள்வேதம், அவசரத்துக்குப் பாமசி என்று நான்கு வாசல்களில் ஏறுகிறார். நான்கும் ஒன்றையொன்று அறியா. கிளினிக்கின் மருந்து யன்னலுக்கு முன்னால் நீண்ட வரிசை நிற்கும்போது, யன்னலுக்குப் பின்னாலிருக்கும் மருந்தாளர் ஒருவருக்குச் சில வினாடிகளே ஒதுக்க முடியும். அவர் பட்டம் பெற்றவராகவும் இருக்கலாம். அவருடைய அறிவில் பெரும்பகுதி எண்ணிக் கொடுப்பதிலேயே கரைந்துவிடுகிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளிநாட்டு உறவினர் பொதி பொதியாக மருந்து அனுப்பினார்கள். அது அன்றைய தேவை. ஆனால் அந்தப் பொதிகளின் மிச்சம் இன்னும் எத்தனை அலுமாரிகளில் இருக்கிறதோ!

இங்கிலாந்தின் ஏற்பாட்டை அப்படியே கொண்டுவந்து நாட்டலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒவ்வொருவருக்கும் பதிவு செய்த ஒரு வைத்திய நிலையமும் ஒரே மருத்துவப் பதிவும் உண்டு. இங்கே அவை இல்லை. ஆனால் மாவட்ட வைத்தியசாலையொன்றின் நீரிழிவுக் கிளினிக்கில், வாரத்தில் ஒரு நாள், ஒரு மேசையும் ஒரு மருந்தாளரும் போதும். ஐந்துக்கு மேற்பட்ட மருந்து எடுப்பவர்களை வரிசையிலிருந்து அழைத்துப் பையைக் கொட்டிப் பார்க்கட்டும். தனியார் வைத்தியர்கள் கடித உறையில் மருந்தின் பெயரை எழுதட்டும். இவற்றுக்கு வெளிநாட்டுக் கடன் தேவையில்லை.

எங்கிருந்தாலும் வாசகர்கள் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. உங்கள் தாயோ தந்தையோ எடுக்கும் மருந்துகள் அனைத்தையும் ஒரு மேசையில் வையுங்கள். கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது, சூரணம், கஷாயம் எதையும் விட்டுவிடாதீர்கள். பெயர், அளவு, எப்போது, எதற்காக என்று ஒரே தாளில் எழுதுங்கள். எதற்காக என்று எழுதமுடியாத மருந்து இருந்தால் அதுவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்தத் தாளுடன் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ போங்கள். விரதம் இருப்பதையும் சொல்லுங்கள்.

அக்கா இவ்வருடமும் சஷ்டி விரதம் இருந்தார். மருந்தாளர் எழுதிக் கொடுத்த தாள் குளிரூட்டியின் கதவில் முருகன் படத்துக்குக் கீழே ஒட்டப்பட்டிருந்தது. ஆறாம் நாள் சூரன்போர் முடிந்து தொலைபேசி எடுத்தார். மயக்கம் வரவில்லை என்றும், இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறார் என்றும் சொன்னார். பின்னர் ஒரு கணம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளையை அடுத்த முறையும் பாக்கலாமோ? டொக்டர் இல்லாட்டிலும் பரவாயில்லை எண்டு சொல்லு."

இல்லை அக்கா, இருவரும் வேண்டும் என்று சொன்னேன்.